முதல் காட்டு நடை: பிள்ளைகளோடு அருவிக்குக் கிளம்புகிறவர்களுக்கு

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இந்த விடுமுறையில் ஓர் அருவிக்குக் காட்டு வழியே நடந்து போய் வரலாமே என்று நினைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் கோவைப் பக்கத்துக்காரன். மேற்கே வெள்ளியங்கிரியையும் சிறுவாணி மலையையும் பார்த்து வளர்ந்தவன். பெற்ற மக்களையும், பிறகு பேரப்பிள்ளைகளையும், சொந்தபந்தங்களையும் காட்டுப் பாதைகளில் கூட்டிப்போய் வந்த பழக்கத்தில் சொல்கிறேன். பெரிய மலையேற்றம் செய்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடை, முடிவில் ஓர் அருவி, பொழுது சாய்வதற்குள் வீடு. அவ்வளவுக்கானது இது.

1. "குளிக்கப் போகிறோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கிளம்பாதீர்கள். "காட்டுக்குள் நடக்கப் போகிறோம், அங்கே ஓர் அருவியும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிவேர் இதுதான். தண்ணீரை மனதில் வைத்துக் கிளம்பும் குடும்பம் வழியெல்லாம் ஓடும். பிள்ளை ஏதாவது பார்த்து நின்றால் "வா வா, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுக்கும். அருவியைக் கண்டதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாறையில் தாவும். கால் பிசகுவது, பிள்ளை கூட்டத்தில் தவறுவது, ஆழம் தெரியாமல் இறங்குவது என்று அருவிப் பாதைகளில் நான் பார்த்த கெட்டதெல்லாம் இந்த அவசரத்தில் நடந்ததுதான். நடப்பதற்காகவே வந்தவர்களுக்கு அவசரம் இல்லை. வெள்ளம் என்று அருவியை அன்றைக்கு மூடியிருந்தாலும் அவர்கள் சோதனைச் சாவடிக்காரரிடம் சண்டை போட மாட்டார்கள். பக்கத்தில் ஒரு குளக்கரையைப் பிடித்து நடந்துவிட்டு, கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

2. முதல் தடவைக்கு எளிய பாதையைத் தேர்ந்தெடுங்கள். என் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது கோவை குற்றாலம். நகரத்திலிருந்து பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாகச் சாடிவயல் சோதனைச் சாவடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். அதற்கு மேல் எல்லாம் வனத்துறையின் பொறுப்பு: சீட்டு, பை சோதனை, உள்ளே போகும் நேரம், வெளியே வரும் நேரம். நடக்கும் தூரம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தாங்கும். இருபுறமும் உண்மையான காடு.

கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அது முதல் தடவைக்கான இடமே இல்லை என்பேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போதே பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துவிடும். அறப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். குளித்து, பசித்து, ஈரத் துணியோடு அதே படிகளை ஏறும்போதுதான் தெரியும். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறும் அப்பாக்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். எந்த அருவியானாலும் போகும்போது ஏற்றமா, வரும்போது ஏற்றமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தூரத்தை விட இந்தக் கேள்வி முக்கியம்.

3. மாதம் பார்த்துப் போங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை உயிர் கொடுக்கிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அவை பொங்கும். பார்க்க அழகு. சிறு பிள்ளைகளோடு இறங்க அது காலமில்லை, பல நாள் மூடியும் கிடக்கும். செப்டம்பர் கடைசியில் தண்ணீர் அடங்கித் தெளியும். பச்சை மட்டும் குறையாது. குடும்பத்துக்கு ஏற்றது அப்போதுதான். கொல்லிமலை, ஏற்காடு போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி, ஜனவரி. பிப்ரவரி பாதியிலிருந்து காடு காய்ந்துவிடும். காட்டுத்தீக் காலம் அது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் சிக்கி மாண்டதை மறந்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் பாதைகளை மூடி வைப்பது உங்கள் பிள்ளைகளுக்காகத்தான்.

4. அனுமதி இல்லாத பாதையில் கால் வைக்காதீர்கள். "எனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும், வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போய்விடலாம்" என்று யாராவது ஒரு நண்பர் சொல்வார். அவரோடு பிள்ளைகளை அனுப்பாதீர்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யலாம், கூட வழிகாட்டி வருவார். பெரும்பாலும் அந்த மலையடிவாரத்துப் பழங்குடி இளைஞர்கள். அவர்கள் கையில் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. காற்றில் வரும் வாடையை வைத்து "அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்பார்கள். ஏன் என்று அப்போது கேட்காதீர்கள். நின்றுவிட்டுப் பிறகு கேளுங்கள்.

5. கூட்டத்தில் எந்தப் பிள்ளை மிகச் சிறியதோ, அதன் வேகமே எல்லாருக்கும் வேகம். வழிகாட்டிக்கு அடுத்து அந்தப் பிள்ளை நடக்கட்டும். கடைசியில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் வரக்கூடாது. சிறு பிள்ளைகளோடு ஒரு கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆகும், ஏற்றமானால் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, ஆளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர். "கால் வலிக்குது" என்று பிள்ளை சொன்ன பிறகு நிற்பது தாமதம், அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்.

தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களுடைய இரத்த அழுத்த மாத்திரை வேளை தவறக்கூடாது. மூட்டுவலிக்காரர்களுக்கு ஊன்றுகோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு வேண்டாம் என்பார்கள், இறக்கத்தில் தானாகக் கை நீட்டுவார்கள்.

6. உடுப்பு. ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, தொடை உராயும். மெல்லிய முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை, பச்சை அல்லது பழுப்பு நிறம். தேய்ந்த ரப்பர் செருப்பும் தோல் செருப்பும் பாறையில் வழுக்கும். அடியில் வரி ஆழமாக உள்ள பழைய கேன்வாஸ் ஷூ போதும், புதிதாக வாங்க வேண்டாம். ஆளுக்கொரு மாற்றுத்துணி, ஒரு துண்டு. முதலுதவிக்குக் கிரேப் பேண்டேஜ், பஞ்சு, காய மருந்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலம். வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர். அத்தர், சென்ட் எதுவும் பூசிக்கொள்ளாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

7. சாப்பாடு வீட்டிலிருந்தே வரட்டும். புளியோதரையும் எலுமிச்சைச் சோறும் மத்தியானம் வரை கெடாது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டினால் அதைவிட நல்ல காட்டுச் சாப்பாடு கிடையாது. வழியில் கொறிக்க வேர்க்கடலை, கடலை மிட்டாய், பெரிய நெல்லிக்காய். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அந்த இனிப்பை முதன்முறை ருசிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் எடுத்துப்போவேன். பளபளக்கும் பொட்டலத் தின்பண்டம் எதையும் கொண்டுவராதீர்கள். உப்பு ஒட்டிய பிளாஸ்டிக் உறையைக் கடமான் தின்றுவிடும். சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பதை அவமானமாக நினைக்காதீர்கள். தூக்குச்சட்டியில் சோறு, எவர்சில்வர் பாட்டிலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், மஞ்சப்பையில் துணி என்று இருந்தால் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

8. சத்தம் போடாமல் நடக்கக் கற்றுக்கொடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிடுங்கள். நம் மலைக்காடுகள் யானை நடமாடும் இடங்கள். அது நம்மைப் பார்ப்பதற்கு முன் நாம் அதை அறிந்துகொள்ள வேண்டும், அதற்குக் காது வேண்டும். மூங்கில் முறியும் சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஆழ்ந்த உறுமல், ஆவி பறக்கும் புதுச் சாணம், காரமான மூத்திர வாடை. இதில் எது தெரிந்தாலும் நின்று, பிள்ளைகளை நடுவில் விட்டு, வந்த வழியே அமைதியாகத் திரும்புங்கள். படம் எடுக்க அங்கே ஒரு நொடியும் நிற்கக்கூடாது. குட்டியோடு இருக்கும் தாய் எதையும் பொறுக்காது.

9. இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?

யானையின் காலடித் தடத்தைக் காட்டுங்கள். ஈர மண்ணில் பதிந்து காய்ந்த பழைய தடமாக, வழிகாட்டி சரி என்று சொன்ன இடமாகப் பாருங்கள். வட்டமாக இருப்பது முன்கால், சற்று நீண்டிருப்பது பின்கால். பையில் ஒரு நூல்கண்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்கால் தடத்தைச் சுற்றி நூலை வைத்து அளந்து, அதைப் போல் இரண்டு மடங்கு நூலை எடுத்து, ஒருவர் கையை உயர்த்தித் தொங்கவிடட்டும். அந்த யானையின் தோள் உயரம் ஏறத்தாழ அவ்வளவு. பெரிய ஆண் யானையின் தடமென்றால் அப்பா கையைத் தூக்கினாலும் நூல் தரையில் கிடக்கும். கணக்குப் பாடம் கசக்கும் பிள்ளையும் அடுத்த தடத்தைத் தேடி ஓடும். பக்கத்தில் மரத்தண்டில் சேறு பூசியிருக்கும், யானை முதுகு தேய்த்த அடையாளம். சேறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து நூல் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காய்ந்த சாணியில் குச்சியால் கிளறிக் காட்டுங்கள். செரிக்காத நார், விதைகள், சில நேரம் முளைவிட்ட கன்றுகூட இருக்கும். சாணி வண்டு உருட்டிக்கொண்டு போகும். காடு எப்படி விதைக்கப்படுகிறது என்று வாயால் சொன்னால் பிள்ளைக்கு ஏறாது, இதைப் பார்த்தால் ஏறும்.

ஓடையோரத்து ஈரமணலில் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருக்கும். அவை உப்புச்சத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. விரட்டாமல் குந்தி உட்கார்ந்து பார்க்கலாம். இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூட்டைக் கீழிருந்தே காட்டுங்கள். தன் புழுக்கள் விடும் பட்டிழையால் அந்த எறும்புகள் தைக்கின்றன. அருவி நெருங்க நெருங்க ஒரு பையன் சீட்டி அடிப்பது கேட்கும். யாரென்று தேடினால் ஆள் இருக்காது. அது சீகாரப் பூங்குருவி, கருநீல உடம்பு, ஓடைப் பாறைகளில் வாழும். அந்தச் சீட்டியை வீட்டுக்கு வந்தும் அடித்துப் பார்க்காத பிள்ளையை நான் கண்டதில்லை.

தொடாதே என்று சொல்ல வேண்டியவையும் உண்டு. பூனைக்காலிக் காயின் பட்டுப்போன்ற மயிர் பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். செந்தட்டி பட்டால் தீப்பட்ட எரிச்சல். தெரியாத இலை, காய், காளான் எதையும் வாயில் வைக்கக்கூடாது.

10. அட்டைக்குப் பயப்படாதீர்கள். மழைக்காலக் காட்டில் அட்டை கடிக்காமல் வந்தவர் குறைவு. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, காலுறை மேல் வேப்பெண்ணெயோ உப்புநீரோ தடவிக்கொள்ளுங்கள். நிற்கிற இடத்தில் எல்லாம் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டதைப் பிய்த்து இழுக்காமல், கடித்திருக்கும் மெல்லிய முனையின் அடியில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் மேல் உப்பைக் கொட்டுவதும் தீக்குச்சி வைப்பதும் பழைய வழக்கம். அப்படிச் செய்தால் அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிட்டு விழும், புண்ணாகலாம். விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இரத்தம் கசியும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சுரப்பை உள்ளே விட்டிருக்கிறது. கழுவி, அழுத்திப் பிடித்துக் கட்டினால் போதும். அம்மா அலறினால் பிள்ளை அலறும், அம்மா சிரித்தால் பிள்ளை எண்ணத் தொடங்கிவிடும்.

11. பாறைத் தேனீ அப்படிச் சாதாரணமாக விடக்கூடியது இல்லை. அருவிப் பாறையின் உச்சியில் பெரிய அடையாகத் தொங்கும். வாசனைத் தைலம், புகை, கல்லெறி மூன்றும் அதற்கு ஆகாது. சென்ட் வேண்டாம் என்றது இதற்காகத்தான். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள், கொடுத்துப் பழக்கிய குரங்குதான் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கும். பாம்புக்கு ஒரே விதி: பார்க்காத இடத்தில் கையும் காலும் வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் குழிவிரியன் ஓடையோரத்துத் தாழ்ந்த கிளையிலும் சுருண்டிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு வந்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காட்டுக்குள் செல்போன் எடுக்காது என்பதால், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

12. அருவிக்கு வந்துவிட்டீர்கள். இப்போது கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். யாரும் இறங்கக்கூடாது. எங்கே மற்றவர்கள் நிற்கிறார்கள், தண்ணீர் எங்கே சுழிக்கிறது, பாறையில் பாசி எங்கே கறுத்திருக்கிறது, காவலர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். உடம்பின் வேர்வையும் அடங்கும்.

குளிப்பது கைப்பிடிக் கம்பி உள்ள இடத்தில், பிள்ளையின் முழங்கால் ஆழத்துக்குள். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். நான்கு பெரியவர்கள் இருக்கிறோமே என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டிருந்தால் பிள்ளையை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் பெயர் சொல்லிப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். அருவி விழுந்து விழுந்து குடைந்த கசம் அமைதியாக, பச்சையாகத் தெரியும். நீச்சல் தெரிந்தவர்களையும் விழுங்கியது அந்த அமைதிதான். அதில் இறங்காதீர்கள், மேலிருந்து குதிக்கவே குதிக்காதீர்கள். தண்ணீர் விழும் நேர்கோட்டின் அடியிலும் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். மேலிருந்து கல்லும் கட்டையும் வரும். அருவியின் தலைக்கு ஏறிப் படம் எடுப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது ஒன்று போதும்.

வெள்ளத்தின் அறிகுறியைக் குடும்பத்தில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் சத்தம் தடிக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணி, செருப்பு, செல்போன் எதையும் எடுக்காமல் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். நீரோட்டத்தின் போக்கில் ஓடாமல் பக்கவாட்டில் ஏற வேண்டும். குற்றாலம் பழைய அருவியில் 2024 மே 17 அன்று சட்டென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் விழுந்தடித்து ஏறியதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். காவலர் விசில் அடித்தால் "இன்னும் ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லாதீர்கள்.

13. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். தலைப்பிரட்டையும் சிறு மீனும் அந்தத் தண்ணீரில்தான் மூச்சு விடுகின்றன. கோவை குற்றாலத்தில் விழும் நீர் கீழே நொய்யலாக ஓடி வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. பிள்ளைக்கு வெளிக்கு வந்தால் ஓடையிலிருந்து நூறு அடியாவது தள்ளிக் கூட்டிப்போய், குழி பறித்து மூடுங்கள். டயப்பரைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வெதும்பிப் போகும். அதைச் சுருட்டிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மது குடித்துவிட்டு வருகிற ஆள் சொந்த மச்சானாக இருந்தாலும் பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் அவருக்கு இடம் கிடையாது. உடைந்த பாட்டில் துண்டு எத்தனையோ பிஞ்சுக் கால்களைக் கிழித்திருக்கிறது.

14. பிள்ளை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு விசில் கட்டுங்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மூன்று முறை ஊத வேண்டும், தேடி நடக்கக்கூடாது. இதைக் கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு மொட்டைமாடியில் விளையாட்டாகப் பழக்குங்கள். விளையாட்டுக்கு ஊதும் விசில் அன்றோடு முடிந்துவிட வேண்டும்.

15. திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். பள்ளத்தாக்கில் வெயில் சீக்கிரம் மறையும். நான்கரை மணிக்கே மரநிழல் இருட்டிவிடும். அது யானைகள் தண்ணீருக்கு இறங்கும் வேளையும்கூட. மூன்று மணிக்குத் திரும்புவது என்றால் அருவிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தாலும் மூன்று மணிக்குத் திரும்ப வேண்டும். களைத்துத் திரும்பும்போதுதான் கால் தடுக்கும், ஆகவே கிளம்புமுன் ஆளுக்குக் கொஞ்சம் கடலை மிட்டாய்.

16. வீட்டுக்கு வந்ததும் காதுமடல், அக்குள், விரலிடுக்கு, இடுப்புப்பட்டி பதிந்த இடம் எல்லாம் பார்த்து, வெந்நீரில் குளிப்பாட்டுங்கள். உண்ணி ஒட்டியிருக்கலாம். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த நடைக்கு வேறு அருவி தேட வேண்டாம். சில மாதம் கழித்து, காட்டுத்தீக் காலம் தொடங்குமுன், அதே பாதைக்குப் போங்கள். ஓடை மெலிந்து பாறை தெரியும், சேறு பூசிய மரத்தைப் பிள்ளையே அடையாளம் காட்டும். அந்தத் தடவை ஒரு புதுக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே பேசக்கூடாது, எதைத் தொடக்கூடாது என்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை உங்கள் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.